ஊரிகத்துப் பாரம்பரிய ஓட்டை

"கடப்பாறையக் கீழ போடுங்க."

குரல் வாசலில் கேட்டது. தச்சர் ஆபிரகாம் கடப்பாறையைக் கீழே போடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கருவியைப் போட்டுவிட்டால் ஆண்டர்சன்பேட்டையில் பட்டறை நடத்த முடியாது. ஆனால் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் தம்மபாலன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தம்மபாலன் கோலார் தங்கவயலில், ஊரிகம் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆட்கள் நிற்கும் கேஜைப் பாதாளத்துக்கு இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் பொறுப்பு. கீழேயிருந்து மணி அடித்தால் லீவரைத் தொடுவார். மணி அடிக்காவிட்டால் பெற்ற தாய் வந்து கெஞ்சினாலும் தொட மாட்டார். அப்படித் தொடாமல் இருந்ததால்தான் ஊரிகத்தில் பல பேர் இன்றும் உயிரோடு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிடையரான பிறகும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. யாராவது அதிகாரமாக ஒரு சத்தம் கொடுத்தால் மனிதர் அப்படியே நின்றுவிடுவார்.

இப்போது சத்தம் கொடுத்தது அனில் என்ற இளைஞர். மொபெட்டை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார். கோலாரில் புதிதாகத் திறந்திருந்த பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் கள ஆய்வாளர் அவர். வாசல் நிலைக்கு மேலே அடித்திருந்த நீல நிறத் தகட்டைக் காட்டி, இந்த வீடு போன மாதத்திலிருந்து பாரம்பரியக் கட்டடம் என்றார்.

"அது மலேரியாக்காரங்க அடிச்சது இல்லியா?" என்றாள் தம்மபாலனின் மனைவி நாகம்மா.

அனில் முகம் வாடிவிட்டது. அந்தத் தகட்டின் நீலத்தைத் தேர்வு செய்யவே தனியாக ஒரு துணைக்குழு உட்கார்ந்ததாம்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரத் துரைக்காகக் கட்டிய பங்களாவை நாலாகத் தடுத்து, நாலு குடும்பங்களைக் குடிவைத்திருந்தார்கள். தம்மபாலன் பங்குக்கு வந்தது இரண்டு அறை. அதில் உள்ளறையின் ஜன்னல் சாத்தாது. எதிரே சயனைட் மேடு. பாறையை மாவாக அரைத்து, சயனைட் ஊற்றித் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டியே வளர்ந்த வெள்ளை மலை. ஆடிக் காற்று கிளம்பினால் அந்த மலையில் ஒரு பங்கு எழுந்து நேராக அந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோற்றில் இருக்கும், பாயில் இருக்கும், காலையில் துடைத்த புத்தர் படம் மத்தியானத்துக்குள் மூக்கு முழி தெரியாமல் போய்விடும்.

இத்தனை வருஷம் அதைத் தின்றே வாழ்ந்தாகிவிட்டது. ஆனால் இந்த ஆடியில் மகள் சங்கமித்ராவுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வரப் போகிறாள். பெங்களூர் சம்பந்தியம்மா பாக்கியவதி ஏற்கெனவே ஒரு தடவை வந்து, அந்த ஜன்னலின் முன்னால் நின்று தும்மிவிட்டு, தன் முடிவைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜன்னலை அடைத்தால் குழந்தை இங்கே. அடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெங்களூர். நாகம்மா தன் முதல் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதா, இல்லை போட்டோவில் பார்ப்பதா என்பது அந்த ஒரு ஜன்னலில் இருந்தது.

அதற்காகத்தான் ஆபிரகாம் புது ஜன்னல் செய்து கொண்டுவந்திருந்தார். இரும்புச் சட்டம், கனமான கண்ணாடி, விளிம்பு முழுக்க ரப்பர். சாத்தினால் கொசு மூச்சுக்கூட நுழையாது. சாக்கில் சுற்றி வராந்தாவில் சாய்த்து வைத்திருந்தது.

அனில் விதிகளை எடுத்துரைத்தார். ஜன்னலை மாற்றக் கூடாது. ரிப்பேர் செய்யலாம். ரிப்பேர் என்றால் அதே மரம், அதே ஆணி, அதே மாதிரி ஆள்.

"அதே மாதிரி ஆளுன்னா, வெள்ளைக்காரனா சார்?" என்று ஆபிரகாம் கேட்டார்.

அனில் கொஞ்சம் யோசித்தார். "அது பத்தி விதில தெளிவு இல்ல. கேட்டுச் சொல்றேன்" என்றார்.

கிண்டல் என்று அவருக்குத் தெரியவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு அதைவிடப் பெரிய தகுதி இல்லை.

ஆபிரகாம் புது ஜன்னலைத் தூக்கிக் கைவண்டியில் வைத்தார். "அண்ணே, இத நான் வேற எங்கயும் விக்க முடியாது. உன் ஓட்டைக்கு அளவெடுத்துச் செஞ்சது. பட்டறைலயே கெடக்கும், எப்போ மணி அடிக்கறாங்களோ அப்போ சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

*

கோலாரில் குழுவின் அலுவலகத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. அந்தத் தெருவிலேயே புத்தம் புதுக் கட்டடம் அதுதான். வரிசையாக அலுமினிய ஜன்னல்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மூடிக்கொள்ளும். தம்மபாலன் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். கோயில் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் மாதிரி இன்னொரு தரமும் தள்ளிப் பார்த்தார்.

"அத விடுங்க" என்றது ஒரு குரல். குழுத் தலைவர் சிக்கவெங்கடப்பா. ஊரிகத்தில் பள்ளிக்கூடம் படித்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பேச ஆரம்பித்தால் எதிரே ஒருவரோ ஓராயிரம் பேரோ, அவருக்கு வித்தியாசம் கிடையாது.

இந்த மாதிரி ஒன்று எங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தம்மபாலன் கேட்டார்.

"இது ஆபீஸ். இங்க மனுஷங்க உக்காந்து வேலை செய்யணும். தூசி வந்தா எப்படி செய்வாங்க? உங்க வீடு அப்படி இல்ல. அது பாரம்பரியம்."

பிறகு தலைவர் நடைமுறையை விளக்கினார். ஜன்னல் பழுது என்று குடியிருப்பவர் சொன்னால் போதாது. குழு நேரில் வரும். முதலில் சாத்திய நிலையில் ஜன்னலைப் பார்க்கும். பிறகு திறந்த நிலையில் பார்க்கும். இரண்டையும் ஒப்பிட்டு, அது சாத்துகிறதா இல்லையா என்று தீர்மானிக்கும்.

"சாத்தாது சார். அதான் பிரச்சனையே."

"அப்படின்னா நாங்க வந்து பிரயோஜனமில்ல. மொதல்ல சாத்தி வைங்க. அப்புறம் அது சாத்தலைன்னு நாங்க முடிவு பண்றோம்."

தம்மபாலன் அந்த வாக்கியத்தைக் கோலாரிலிருந்து ஊரிகம் வரை பஸ்ஸில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நிறுத்தம் வந்ததுதான் மிச்சம். ஏற்று என்றும் இறக்கு என்றும் ஒரே சமயத்தில் மணி அடித்தால் எஞ்சின் டிரைவர் என்ன செய்வான்? லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான். அவரும் காத்திருந்தார்.

நாகம்மா காத்திருக்கவில்லை. ஜன்னலைப் பழைய புடவைக் கிழிசலால் இழுத்துக் கம்பியில் கட்டி, சாத்தியதுபோல் செய்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அனிலுக்குத் தகவல் சொல்லிவிட்டாள். "சாத்திக்கீது, வந்து பாத்து சாத்தலன்னு சொல்லுங்க" என்றாள்.

*

குழு வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் டாக்டர் ஷைலஜா, நிபுணர். அவர் பங்களாவைப் பார்க்கவில்லை, உள்ளறையில் ஒட்டடை அடித்துவிட்டு நின்ற நாகம்மாவையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலிடம் போனார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கீழே இறக்கியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்த ஜன்னலின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். துரை காலத்து ஜன்னல் அது இல்லை. பூமிக்குள்ளே பாறை வெடித்து ஊரே குலுங்கும். அதை அங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். சங்கமித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஒரு ஏர்பிளாஸ்டில் துரை காலத்து ஜன்னல் நிலையோடு பெயர்ந்து விழுந்தது. ஊரிகத்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் ஒரே மருந்துதான். டைனமைட் பெட்டி. வெடி வந்து இறங்கிய காலிப் பெட்டியை உடைத்துப் பலகையாக்கி நாற்காலி செய்வார்கள், கோழிக்கூண்டு செய்வார்கள், தொட்டில்கூடச் செய்வார்கள். தம்மபாலன் ஜன்னல் செய்தார். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் செய்ததால் பாதி ஆணி கோணலாக இறங்கியது. கீல் கிடைக்காமல், சுரங்கத்தில் தேய்ந்துபோன பெல்ட்டை வெட்டி அடித்தார். விழுந்த துரை ஜன்னலை நாகம்மா சாவகாசமாக உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்து முடித்தாள். பர்மாத் தேக்கு. நன்றாகவே எரிந்தது.

"இந்த ஆணிகளப் பாருங்க" என்றார் ஷைலஜா. "ஒண்ணுகூட நேரா இல்ல. இது தெரியாம வந்த கோணல்னு நினைக்கிறீங்களா? இல்ல. இயந்திர நாகரிகத்துக்கு எதிரா ஒரு ஆங்கிலேயக் கைவினைஞன் செஞ்ச கலகம். இந்தத் தோல் கீலப் பாருங்க. கடல் தாண்டி வந்த தோல். இந்தச் சிவப்பு முத்திரை அவனோட குடும்பச் சின்னமா இருக்கணும்."

சிவப்பு முத்திரை, இது வெடிக்கும் ஜாக்கிரதை என்பதற்காகப் பெட்டிமேல் அடித்தது. பாதி அழிந்திருந்தது.

வாழ்நாளில் தம்மபாலனின் தச்சு வேலையை யாரும் பாராட்டியதில்லை. நாகம்மா அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடியதல்ல. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது வந்து மேடம், இந்த ஜன்னலை, என்று ஆரம்பித்தார்.

அனில் சட்டென்று அவர் தோளைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் கிசுகிசுத்தது.

"நீங்க செஞ்சீங்களா?"

தம்மபாலன் தலையாட்டினார்.

"அப்படின்னா ஒரிஜினல் எங்கே சார்?"

தம்மபாலன் வெந்நீர் அடுப்பு இருந்த திசையைப் பார்த்தார். அனிலும் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"நோடி சார், இங்க பாருங்க. பாரம்பரிய ஜன்னல அழிச்சா வீட்டக் காலி பண்ண வைக்கலாம்னு விதில இருக்கு. குழு ஒரு வரி எழுதினா போதும். அதனால இது வெள்ளைக்காரன் செஞ்ச ஜன்னலாவே இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் சந்தோஷம்."

ஆக, நிலைமை இப்படி ஆயிற்று. ஜன்னலைத் தம்மபாலன் செய்தார் என்றால் வீடு போய்விடும். வெள்ளைக்காரன் செய்தான் என்றால் ஜன்னலைத் தொட முடியாது. உண்மை சொன்னால் தெருவில் குழந்தை, பொய் சொன்னால் தூசியில் குழந்தை. அவர் உள்ளே திரும்பி வந்து சுவரோரமாக நின்றார். ஷைலஜா ஜன்னலைத் தடவிக்கொண்டே, இதைச் செய்தவன் மகா ரசிகன் என்றார்.

"ரசிகனா?" என்றாள் நாகம்மா. கணவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "வெரல நசுக்கினு எம்மேல எரிஞ்சு வுழுந்தானே, அவனா?"

நல்லவேளை, அந்த நேரம் ஜன்னலைக் கட்டியிருந்த புடவைக் கிழிசல் அறுந்து கதவு படீரென்று திறந்துகொண்டது. குழு மொத்தமும் இருமிற்று. இருமி முடித்ததும், சாத்திய ஜன்னல் தானே திறந்துகொள்வதைக் கண்ணால் பார்த்துவிட்டோம், ஆகவே அது மிக நன்றாகத் திறக்கிறது என்று பதிவு செய்துகொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

*

ஆனியில் சங்கமித்ரா நிறைமாத வயிறோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே இருமல் பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்றும் அந்த வருஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டது.

நாகம்மா ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். அனில் வந்து எடுக்கச் சொன்னார். சாக்கு பிற்காலத்தது, கட்டடத்தின் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை. பெட்ஷீட் தொங்கவிட்டாள். அதில் மயில் போட்டிருந்தது. துரை வீட்டில் மயில் இருந்ததற்குச் சான்று இல்லை. கடைசியில் ஒன்றும் தொங்கவிடாமல், வந்த தூசியைப் பெருக்கிப் பெருக்கி முறத்தில் வாரி வாசலில் கொட்டினாள். அதற்கும் அனில் வந்தார். இந்தத் தடவை அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"மேடும் பட்டியல்ல சேந்துடுச்சு அம்மா."

"எந்த மேடு?"

"சயனைட் மேடு. அதுவும் பாரம்பரியம். அதுல இருந்து ஒரு பொருளும் வெளிய போகக் கூடாது."

"நானா போயி எடுத்தாந்தேன்? அதுவாதானே வருது."

வந்ததைக் குழு புரிந்துகொள்கிறது என்றார் அனில். ஆனால் வந்ததைக் கொட்டிவிடக் கூடாது. திரும்பக் கொண்டுபோய் மேட்டில் சேர்க்க வேண்டும். அது வரைக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தம்மபாலன் சாயங்காலங்களில் ஒரு பக்கெட்டில் தன் வீட்டுத் தூசியைச் சுமந்துகொண்டுபோய் மலையடிவாரத்தில் கொட்டிவிட்டு வந்தார். மறுநாள் மத்தியானம் அது அவருக்கு முன்னால் வீட்டில் இருந்தது. எதிர்ப்பட்டவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரிடையரானவர்கள் ஏதாவது செய்வார்கள்.

"நைனா," என்றாள் சங்கமித்ரா ஒருநாள், இருமலுக்கு நடுவே, "நான் பெங்களூருக்கே போயிடட்டா? அம்மா மூஞ்சியப் பாக்க முடியல. ஆனா புள்ள வயித்துக்குள்ளயே திணறுறாப்பல கீது."

மறுநாள் காலை தம்மபாலன் எங்கிருந்தோ ஒரு தகரம் கொண்டுவந்தார். ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்த மணியும் அடிக்காமல், எவன் சொல்வதையும் கேட்காமல், ஜன்னலைத் தகரத்தால் அடித்து மூடப் போனார்.

ஜன்னல் இல்லை.

ஜன்னல் இருந்த இடத்தில் வானம் இருந்தது. வெளியே லாரியில் ஜன்னலைப் பஞ்சு வைத்துப் பொதிந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷைலஜா பக்கத்தில் நின்று, மெதுவா, மெதுவா, என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூரில் கண்காட்சி. இப்படிப்பட்ட அரிய பொருளை இவ்வளவு தூசி படிகிற இடத்தில் விட்டுவைப்பது குற்றம் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

தம்மபாலன் கையிலிருந்த தகரத்தை, லாரிப் பக்கம் நின்ற அனில் பார்த்தார். இந்தச் சுவரில் ஆணி இறங்கினால் வீடு போய்விடும் சார் என்று கண்ணாலேயே சொன்னார். தகரம் கீழே இறங்கியது.

*

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பாக்கியவதி காரோடு வந்துவிட்டாள். ஊரிகம் வீட்டுக்குப் போய், ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகச் சயனைட் மேட்டைப் பார்த்தாள். சாத்தாத ஜன்னலுக்கு இது பதில் என்றால் தான் சொல்ல ஒன்றும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவார்கள். அன்றைக்கு ஓட்டை இப்படியே இருந்தால் தாயும் பிள்ளையும் தன்னோடு காரில் ஏறுவார்கள். நாகம்மா, குழந்தைக்கென்று துவைத்து வைத்திருந்த பழந்துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. தலைவர் சிக்கவெங்கடப்பா, டாக்டர் ஷைலஜா, அனில். ஓட்டையைப் பார்வையிட வந்திருந்தார்கள்.

தலைவர் ஓட்டையின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். எதிரே நாகம்மாவும் தம்மபாலனும் பாக்கியவதியும்தான் இருந்தார்கள். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

"இந்த ஊருக்கு என்ன செஞ்சேன்னு என்னைக் கேக்கறாங்க. சுரங்கம் மூடப் போகுது, சரி. வேலை போகும், சரி. பேத்தமங்களா ஏரித் தண்ணி வர்றதில்ல, அதுவும் சரி. இதெல்லாம் வரும் போகும். ஆனா ஒரு நல்ல ஜன்னல் நிரந்தரம். அதனாலதான் அத நாங்க எடுத்துட்டுப் போயிட்டோம். ஒண்ண மறக்காதீங்க. ஜன்னல் நீங்க உள்ளேருந்து வெளிய பாக்கறதுக்காக வெச்சது இல்ல. நாங்க வெளியேருந்து வந்து பாக்கறதுக்காக வெச்சது. உள்ள ஜனங்க குடியிருக்கிற வரைக்கும் ஒரு கட்டடத்தப் பாதுகாக்கறது எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத்தான் தெரியும். இருந்தும் உங்கள இருக்க விட்டிருக்கோம்."

அனில் மெதுவாகக் கைதட்டினார். வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

ஓட்டைக்கு ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்பது தலைவரின் யோசனை. இந்த இடத்தில்தான் அந்த ஜன்னல் இருந்தது, இன்னார் தலைமையில் காப்பாற்றப்பட்டது என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை மேலதிகாரி ஒருவர் வருகிறார். அதற்குள் தயாராக வேண்டும். எங்கே வைப்பது என்று அனிலைக் கேட்டார்.

அனில் விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தார். சுவரில் பதிக்கலாமா என்றால் பாரம்பரியச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முற்றத்தில் நடலாமா என்றால் பாரம்பரிய வளாகத்தில் குழி தோண்டக் கூடாது. கூரையிலிருந்து தொங்கவிடலாமா என்றால் பாரம்பரிய உத்திரத்தில் பாரம் ஏற்றக் கூடாது. தலைவரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. இந்த விதியெல்லாம் யார் எழுதியது என்று அதட்டினார். நீங்கள்தான் சார் என்றார் அனில்.

நாகம்மா மடித்த துணியைப் பெட்டிமேல் வைத்தாள். அவளுக்கு வயிற்றெரிச்சல். யாரையாவது நாலு வார்த்தை கேட்டால் தேவலாம் என்றிருந்தது.

"செவுத்துல கூடாது, தரைல கூடாது, மோட்டுல கூடாது. அப்போ ஓட்டைலதான் வெக்கணும். அது மட்டும்தான் உங்க புஸ்தகத்துல இல்ல."

அனில் வாய்க்குள்ளேயே விதிகளை ஒரு தரம் ஓட்டினார். ஓட்டை சுவர் இல்லை. தரையும் இல்லை. ஜன்னல் இல்லாததால் ஜன்னலும் இல்லை. "ஓட்டை பத்தி விதி இல்ல சார்" என்றார்.

தலைவர் புன்னகைத்தார். ஆனால் ஷைலஜா குறுக்கே விழுந்தார். கல்லை வைத்து அடைத்தால் ஓட்டை தெரியாமல் போய்விடும். மூல ஜன்னலின் இன்மையை மக்கள் உணர வேண்டும். அதற்குக் கல்வெட்டு ஊடுருவிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"கண்ணாடியா?" என்றார் தலைவர்.

"கண்ணாடிதான்."

கண்ணாடியில் பெயர் பொறித்தால் உடைந்துவிடுமே என்று தலைவருக்குக் கவலை. சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டால் உடையாது என்று முடிவாயிற்று. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி புகுந்தால் பெயர் மங்கும். ஆகவே விளிம்பு முழுக்க ரப்பர். பெயரின் உள்பக்கம் துடைக்கிறாற்போல வெளிப்பக்கமும் துடைக்க வேண்டும். ஆகவே திறந்து மூடக் கீல். திறந்ததை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? ஆகவே தாழ்ப்பாள். உள்பக்கமாக.

தம்மபாலன் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டம். கண்ணாடி. ரப்பர். கீல். தாழ்ப்பாள். அவர் வாய் திறந்துகொண்டது. நாகம்மா அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வாய் மூடிக்கொண்டது.

"திங்கக்கெழமைக்குள்ள யாரால செய்ய முடியும்?" என்று தலைவர் கவலைப்பட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார் சார்" என்றார் தம்மபாலன். "ஆண்டர்சன்பேட்ல."

*

ஆபிரகாம் சனிக்கிழமையே கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சாக்கை விலக்கி, கண்ணாடியைத் துடைத்து, ஓட்டையில் நிறுத்தினார். ஒரு தட்டுகூடத் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே அங்கே பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. எப்படி இவ்வளவு கச்சிதமான அளவு என்று அனில் வியந்தார்.

"கவர்மெண்ட் வேலைன்னா உயிரக் குடுத்துச் செய்வேன் சார்" என்றார் ஆபிரகாம்.

கண்ணாடி முழுக்கத் தலைவரின் பெயர். பட்டங்களோடு. கீழே குழுவின் பெயர், அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ஜன்னல் இருந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியவதி வந்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்த பெயர் யாருடையது என்று கேட்டாள்.

"கட்டினவரு" என்றாள் நாகம்மா.

கார் காலியாகப் பெங்களூர் திரும்பியது.

திங்கட்கிழமை விழா நடந்தது. பூமாலை, புகைப்படம், இன்னும் ஒரு சொற்பொழிவு. பாரம்பரியக் கட்டடங்களில் இரும்புச் சட்டமும் கண்ணாடியும் போட்ட நவீன ஜன்னல்கள் எந்த வடிவத்தில் நுழைந்தாலும் குழு அதை ஈவிரக்கமின்றி அகற்றும் என்று தலைவர் முழங்கினார். தன் பெயர் பொறித்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் முழங்கினார். காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை தும்மியது.

போகும்போது தலைவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவர் பெயரின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் விழுந்திருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. அனிலைக் கூப்பிட்டு அங்கேயே ஓர் உத்தரவு போட்டார். காற்றடிக்கும் போதெல்லாம் இந்தப் பலகையைக் குடியிருப்பவர் கட்டாயம் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

அனில் முதல் தடவையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே சின்னப் பையன் முகம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"புரிஞ்சுதா சார்? கண்டிப்பா சாத்தணும்."

தம்மபாலன் நிமிர்ந்து நின்றார். இத்தனை மாதத்தில் கேட்ட முதல் தெளிவான மணி அது.

மேட்டிலிருந்து வெள்ளையாகக் காற்று கிளம்பி வந்துகொண்டிருந்தது. அவர் உள்ளறைக்குப் போனார். டைனமைட் பெட்டியில் செய்த பழைய தொட்டிலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நாகம்மா அலசிய துணி ஒன்றைக் கீல் பக்கமாகக் காயப்போட்டிருந்தாள். அது தலைவரின் பட்டங்களின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தம்மபாலன் அதை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, அரசாங்க உத்தரவை மதித்து, தலைவர் பெயரைப் பட்டங்களோடு இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.